நாலு தண்ணீர் கண்ட நூல்

மதினி உண்டாகியிருப்பதாக அண்ணன் போனில் சொன்ன அன்றைக்கே ஊசியை எடுத்துவிட்டேன், நூலைப் பற்றி யோசித்தது ஒரு மாதம் கழித்துத்தான். அந்த அவசரத்தில் பின்னிய வெள்ளைத் தொப்பி இப்போது எங்கள் வீட்டு முட்டைக் கூடைக்கு அடியில் மெத்தையாகக் கிடக்கிறது. கடையில் கன்னத்தில் வைத்துப் பார்த்து, ஆகா பஞ்சு மாதிரி இருக்கிறதே என்று வாங்கிய நூல் அது. இரண்டு தடவை துவைத்ததும் தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது.

தொப்பியைப் பார்த்துவிட்டு ஆச்சி சொன்னாள்: "ஏட்டி, நாலு தண்ணி கண்ட துணியைத்தானே பச்சைப் பிள்ளைக்குப் போடுவோம், நூலுக்கு மட்டும் வேற சட்டமா?" சரிதானே. பிறந்த பிள்ளையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றுகிற ஊரில் பிறந்துவிட்டு, கடைப் பளபளப்பை நம்பி ஏமாந்திருக்கிறேன். அதன் பிறகு ஐந்து வகை நூல் வாங்கி, ஒவ்வொன்றிலும் கைக்குட்டையில் பாதி அளவுக்கு ஒரு துண்டு பின்னி, நாலு முறை துவைத்துப் பார்த்தேன். எங்கள் வீட்டில் எப்படித் துவைப்பார்களோ அப்படியே, விறகடுப்பு வெந்நீர், சோப்பு, கயிற்றுக் கொடி. இதை எழுதுவது அந்த ஐந்தையும் பற்றித்தான்.

எங்கள் வீடு மூணாறில், எஸ்டேட் லயத்தில். ஜனவரியில் சில நாள் காலையில் புல்மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்திருக்கும், டூரிஸ்ட்காரர்கள் இறங்கிப் போட்டோ எடுப்பார்கள், நாங்கள் வாளித் தண்ணீரில் கை வைக்க யோசித்துக்கொண்டு நிற்போம். மதினிக்குப் பிறந்த வீடு போடி. தலைப்பிரசவம் அங்கேதான், பிள்ளை செப்டம்பர் கடைசியில், பொங்கல் முடிந்து மேலே கூட்டி வருவது என்று பேச்சு. இதை ஏன் சொல்கிறேன் என்றால், பிறந்த குழந்தை அளவில் ஸ்வெட்டர் பின்னியிருந்தால் அது போடியின் வேர்வையில் பெட்டிக்குள்ளேயே கிடந்து சின்னதாகப் போயிருக்கும். நான் பின்ன வேண்டியது மூன்றிலிருந்து ஆறு மாத அளவு. அதுவும் முன்பக்கம் திறக்கிற மாதிரி, ஏனென்றால் போடியில் வண்டி ஏறும்போது பிள்ளைக்கு வேர்க்கும், கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து போடிமெட்டுக்கு வந்தால் காது மடல் குளிரும். தூங்குகிற பிள்ளையின் தலைவழியாக எதையாவது மாட்டிப் பாருங்கள், வண்டியில் யாருக்கும் நிம்மதி இருக்காது.

முதல் நூல், பஜாரில் வாங்கிய 'உல்லன்'. 50 கிராம் உருண்டை 35 ரூபாய். கடைக்காரச் சேட்டன் நல்ல மனிதர், "மோளே, இது ஒரிஜினல் உல்லன்" என்று சத்தியம் பண்ணாத குறை. சீட்டைத் திருப்பினால் 100 சதவீதம் அக்ரிலிக், அதாவது செயற்கை இழை, என்று போட்டிருக்கிறது. அவர் பொய் சொல்லவில்லை, எங்கள் பக்கம் உல்லன் என்றால் பின்னுகிற நூல், அவ்வளவுதான், ஆட்டுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. சீட்டே இல்லாமல் வருகிற நூலும் உண்டு, அதற்கு நெருப்புதான் சாட்சி. ஒரு விரல் நீளம் வெட்டி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்த் தட்டு வைத்து, தீக்குச்சியைக் காட்டுங்கள். அக்ரிலிக் உருகிச் சொட்டி, ஆறினதும் கறுப்பு மணியாகக் கெட்டிப்படும், நசுக்கினால் நசுங்காது. பருத்தி காகிதம் மாதிரி எரிந்து சாம்பலாக உதிரும். அசல் கம்பளி முடி கருகின நாற்றம் அடிக்கும், தீயை எடுத்ததும் தானே அணைந்துவிடும், கருகின நுனியை விரலால் பொடி செய்யலாம்.

நாலு தண்ணீரில் இந்த நூல் தோற்றது. இரண்டாவது துவைப்பிலேயே மேலெல்லாம் சின்னச் சின்ன உருண்டை, தொட்டால் உப்புத்தாள். கடையில் தெரிந்த வழவழப்பு மேல்பூச்சாகத்தான் இருக்க வேண்டும், சோப்போடு போய்விட்டது. மிதியடிக்கு, கதவுத் தோரணத்துக்கு வாங்குங்கள், பிள்ளைக்கு வேண்டாம்.

இரண்டாவதும் அக்ரிலிக்தான், ஆனால் 'பேபி' வகை. வர்த்மான், கங்கா, ஓஸ்வால் என்று லூதியானாப் பக்கத்திலிருந்து வருகிற பெயர்கள்தான் எங்கள் பக்கக் கடைகளில் அதிகம், அதில் ஒன்று. 50 கிராம் 65 ரூபாய். இழை மெல்லியது, முறுக்கு சீரானது, ஊசியில் கீச்சென்று சத்தம் போடவில்லை. நாலு முறை துவைத்தும் மென்மை முக்கால்வாசி நின்றது. எங்களுக்கு இதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. நான் துவைத்துப் பார்த்தது ஜூலையில், தென்மேற்கு மழை கொட்டிக்கொண்டிருக்கும்போது. அந்த மாதத்தில் மூணாறில் துணி காய்வது என்பது ஒரு நம்பிக்கை மட்டுமே. பேபி அக்ரிலிக் சாயங்காலம் பிழிந்து போட்டால் காலையில் போட்டுவிடலாம், ஈரத்தை அது உள்ளே இழுத்து வைத்துக்கொள்வதே இல்லை.

அதே குணம்தான் அதன் குறையும். வேர்வையையும் இழுக்காது. தோலோடு ஒட்டிப் போட்டால் போடி வெயிலில் பிள்ளைக்குப் புழுக்கம்தான், உள்ளே ஒரு பருத்திச் சட்டை கட்டாயம். இன்னொன்று நெருப்பு. குளிப்பாட்டி முடித்துச் சாம்பிராணி போடுகிற பழக்கம் எல்லா வீட்டிலும் இருக்கிறது, புகை பச்சைப் பிள்ளையின் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர்கள் தலையில் அடித்துக்கொண்டாலும் ஆச்சிகள் விடுவதில்லை. கனல் மேல் அக்ரிலிக் சட்டையோடு பிள்ளையைக் காட்டவே காட்டாதீர்கள். பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டும். மழைக்காலத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டிக் காயப்போடுகிற வீடுகளுக்கும் இதையே சொல்கிறேன். இஸ்திரிப் பெட்டியும் ஆகாது. அண்ணன் பாசத்தில் ஒரு துண்டை இஸ்திரி போட்டுக் காட்டினான், பின்னல் படுத்து, பளபளவென்று, அப்பளம் சுட மறந்து நமுத்துப்போன மாதிரி தொங்கியது. திரும்ப எழவே இல்லை.

மூன்றாவது, எறணாகுளம் பிராட்வேயில் ஒரு கடையில் வாங்கிய 'மில்க் காட்டன்'. 50 கிராம் 110 ரூபாய். பெயரைக் கேட்டால் பாலில் செய்தது போல இருக்கும். பால் புரதத்திலிருந்து இழை எடுக்கும் முறை உண்மையில் உண்டு, ஆனால் இந்தப் பெயரில் கடையில் கிடைப்பது பெரும்பாலும் பருத்தியும் அக்ரிலிக்கும் கலந்தது, என் சீட்டிலும் அப்படித்தான் போட்டிருந்தது. பெயரைப் படிக்காமல் சதவீதத்தைப் படியுங்கள். கையில் எடுத்தால் வெண்ணெய். நிறங்கள் அவ்வளவு அழகு, அந்த மாந்தளிர்ப் பச்சைக்கு நான் இரண்டு உருண்டை சும்மா வாங்கினேன், எதற்கு என்று இன்னும் தெரியாது. நாலு தண்ணீருக்குப் பிறகு முன்னைவிட நன்றாக இருந்த நூல்களில் இது ஒன்று, நம் பழைய வேட்டி மாதிரியே. வாயில் வைத்துச் சப்பினாலும் பஞ்சு பிரிவதில்லை. ஆனால் கனம். பருத்திக் கலப்புக்கு வளைந்து கொடுக்கிற குணம் குறைவு, மணிக்கட்டுப் பட்டி நாலு நாளில் லொடலொடவென்று ஆகிவிடும். மழையில் காய மூன்று நாள், மூன்றாம் நாள் ஒரு ஈர நாற்றம். எச்சில் துணி, மெல்லிய கைவைக்காத சட்டை, போடியில் போட ஒரு தொப்பி, இவற்றுக்கு இதுதான். மலைக்கு ஸ்வெட்டராக வேண்டாம்.

நாலாவதை வாங்கும்போது கை நடுங்கியது. ஆன்லைனில் 'சூப்பர்வாஷ் மெரினோ', மெரினோ என்கிற ஆட்டு இனத்தின் கம்பளி, 100 கிராம் 950 ரூபாய். அம்மாவிடம் விலையைப் பாதியாகச் சொன்னேன், அதற்கே பேச்சு வாங்கினேன்.

மெரினோவைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் 'கம்பளி குத்தும்' என்று நாம் எல்லோரும் சொல்கிறோமே, அதற்குக் காரணம் கம்பளி இல்லை, இழையின் தடிமன். 30 மைக்ரானுக்கு (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) மேல் தடித்த இழை தோலில் பட்டால் வளையாமல் ஊசி மாதிரி முட்டும், அதைத்தான் குத்துகிறது என்கிறோம். நல்ல மெரினோ 20 மைக்ரானுக்குக் கீழே, அது முட்டாது, மடங்கிவிடும். கம்பளி தன் எடையில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு ஈரத்தை இழுத்துக்கொண்டும் ஈரமாகத் தெரியாது. பிள்ளைக்கு வேர்த்தால் உள்வாங்கும், குளிரில் சூட்டைப் பிடித்து வைக்கும், தீ எளிதில் பிடிக்காது. விறகடுப்பு எரிகிற வீட்டுக்கு இதைவிட எது வேண்டும்?

சூப்பர்வாஷ் என்பது என்ன என்று கேட்காமல் வாங்காதீர்கள். கம்பளி இழையை நுண்ணோக்கியில் பார்த்தால் மீன் செதில் மாதிரி அடுக்கடுக்காக இருக்கும். சூட்டிலும் கசக்கலிலும் அந்தச் செதில்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு சுருங்கும். மூன்று வருஷத்துக்கு முன்னால் சித்தி மகளுக்குப் பின்னிய சாம்பல் நிற அசல் கம்பளி ஸ்வெட்டரை, பிள்ளைத் துணி என்று கொதிக்கிற வெந்நீரில் போட்டு அலசினார்கள். வெளியே எடுத்தபோது என் உள்ளங்கை அகலம், அட்டை மாதிரி கெட்டி, பொத்தான்கள் மட்டும் பழைய அளவில் பெரிதாகத் தெரிந்தன. சூப்பர்வாஷ் செய்யும்போது குளோரின் மருந்து கொடுத்து அந்தச் செதில்களை மழுக்கி, மேலே மெல்லிய பாலிமர் பூச்சு கொடுக்கிறார்கள். அதனால் சாதாரணத் துவைப்புக்குச் சுருங்காது. முழுக்க இயற்கை என்று விளம்பரம் பண்ணுகிறவர்கள் இந்த இடத்தை மட்டும் வேகமாகத் தாண்டிப் போவார்கள்.

நாலு தண்ணீருக்குப் பிறகு முதல் மதிப்பெண் இதற்குத்தான். ஒரு சங்கடம், நனைந்தால் நீளும். கொடியில் தொங்கப்போட்ட துண்டு இரண்டு விரல் நீண்டுவிட்டது. குளிக்கிற துண்டில் சுருட்டி அழுத்தித் தண்ணீர் எடுத்து, முறத்தில் படுக்கப்போட்டுக் காயவைத்தால் பழைய அளவுக்கு வருகிறது. இப்படிப் பார்த்துச் செய்ய ஆள் இல்லாத வீட்டுக்கு இதைப் பின்னிக் கொடுப்பது வீண்.

ஒரு ஆதங்கம் உண்டு. எங்கள் மலைக்குப் பக்கத்து மலையில், கொடைக்கானல் மன்னவனூரில் மத்திய அரசின் ஆட்டு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது, பாரத் மெரினோ ஆடுகளை அங்கே வளர்க்கிறார்கள். நீலகிரியில் சாண்டிநல்லாவில் இன்னொரு நிலையம். ஆடு இங்கே மேய்கிறது, நான் பின்னுகிற மெரினோ எங்கிருந்தோ கூரியரில் வருகிறது. அந்த ஆட்டு முடி நூலாகி எங்கள் பஜார்க் கடைக்கு வந்து நான் பார்த்ததில்லை.

ஊசி விஷயத்தில் அந்தக் குறை இல்லை. நான் வைத்திருப்பது போனி, நீலகிரிக் கேத்திப் பக்கம் 1949 முதல் நடக்கிற தொழிற்சாலைச் சரக்கு. ஆச்சியின் ஜோடி இன்னும் வளையாமல் இருக்கிறது. பேபி அக்ரிலிக்குக்கு 10 ஆம் நம்பர், அதாவது 3.25 மில்லிமீட்டர், எனக்குச் சரியாக இருந்தது. கை இறுக்கமானவர்கள் அதைவிடத் தடித்த 9 எடுங்கள், இறுகப் பின்னினால் எந்த நூலும் அட்டைதான்.

ஐந்தாவது, வெல்வெட் நூல். இதைப் பற்றி எழுதக் கோபம் வருகிறது. ஆன்லைனில் படத்தைப் பார்த்தாலே மயங்கிவிடுவீர்கள், முயல்குட்டி மாதிரி. நாலு துவைப்பிலும் மென்மை குறையவே இல்லை, அதனால் ஆச்சி சட்டம் இங்கே மட்டும் என்னைக் கைவிட்டது. போடிக்கு ஒரு சின்ன ரோஜா நிறப் போர்வை பின்னி அனுப்பினேன். டிசம்பரில் பார்க்கப் போனபோது பிள்ளை போர்வை ஓரத்தை வாயில் வைத்துச் சப்பிக்கொண்டிருந்தான், மூடிய கைவிரல்களைப் பிரித்துப் பார்த்தால் உள்ளங்கை ரேகையில் ஈரமான ரோஜாப் பஞ்சு, கீழுதட்டில் ஒரு திரி. இந்த நூலின் அமைப்பே அதுதான், நடுவில் மெல்லிய இழை, அதில் செருகப்பட்ட குட்டைக் குட்டை நார்கள். வெட்டுகிற இடத்தில், இழுக்கிற இடத்தில் நார் உருவி வரும். மொஹேர், அங்கோரா, இறகு நூல் என்று முடி பறக்கிற எல்லாமே பிள்ளை மூக்கருகே ஆகாது. போர்வையை அன்றைக்கே பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். மதினியின் அம்மாவுக்கு வருத்தம், எவ்வளவு அழகான போர்வை என்று.

அந்த வெல்வெட் சீட்டில் 'பேபி' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. அந்த வார்த்தைக்கு யாரும் பரீட்சை வைப்பதில்லை, யார் வேண்டுமானாலும் அச்சடிக்கலாம். பார்க்க வேண்டியது ஓக்கோ-டெக்ஸ் ஸ்டாண்டர்ட் 100 முத்திரை, அதிலும் முதல் வகுப்பு, மூன்று வயது வரையுள்ள பிள்ளைகளுக்கானது. சாயம், ஃபார்மால்டிஹைடு, கன உலோகம் எல்லாம் அளவுக்குள் இருக்கிறதா என்று சோதித்துக் கொடுப்பது, முதல் வகுப்புக்கு எச்சிலில் சாயம் போகிறதா என்பதும் சேரும். முத்திரையோடு ஒரு எண் இருக்கும், அதை அவர்கள் இணையதளத்தில் அடித்துச் சரிபார்க்கலாம். எண் இல்லாத முத்திரையைப் பூ வரைந்த மாதிரி நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இந்த முத்திரை ரசாயனத்தைப் பற்றித்தான் பேசுகிறது, பஞ்சு உதிராது என்பதற்கு அது உத்தரவாதம் இல்லை.

முத்திரை இல்லாத நூலுக்கு என் வழி, வெள்ளைக் கைக்குட்டையை நனைத்து நூலை அழுத்தித் தேய்ப்பது. சிவப்பும் கருநீலமும்தான் வழக்கமான குற்றவாளிகள். பஜார்ச் சேட்டன் இதைக் கடையிலேயே செய்ய விடுகிறார், முகம் சுளிக்காமல் தண்ணீரும் கொடுக்கிறார், பிரிக்காத உருண்டையை ஒரு மாதம் கழித்துக்கூட எடுத்துக்கொள்கிறார். நூல் சுமார்தான், கடைக்கு முழு மதிப்பெண். ஒன்று மட்டும், சீட்டில் உள்ள டை லாட் எண்ணை, அதாவது ஒரே தடவையில் சாயம் போட்ட தொகுதியின் எண்ணை, நீங்களே பாருங்கள், ஒரே மஞ்சள் என்று அவர் எடுத்துப் போட்ட இரண்டு உருண்டையில் ஒன்று எலுமிச்சை, ஒன்று மாம்பழம், வீட்டு விளக்கில் தெரியவில்லை, முற்றத்துக்கு வந்ததும் ஸ்வெட்டரின் இடது கை தனியாகத் தெரிந்தது. ஆறு மாத ஸ்வெட்டருக்கு 150 கிராம் போதும், ஒரு உருண்டை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

நூல் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் பின்னுகிற கை கெடுக்கலாம், நான் கெடுத்தேன். இரண்டு நிறத்தில் கால் சாக்ஸ் பின்னி, உள்பக்கம் நூலை நீளநீளமாக ஓடவிட்டிருந்தேன். வெளியே பூ வேலை, உள்ளே வலை. அதை மாட்டின அரைமணி நேரத்தில் பிள்ளை வீரிட்டு அழுதான், பால் கொடுத்தார்கள், வயிற்றைத் தடவினார்கள், கடைசியில் மதினிதான் சாக்ஸைக் கழற்றினாள். இரண்டாம் விரலில் ஒரு இழை சுற்றிச் சிவந்த கோடு. உடனே எடுத்ததால் தப்பித்தோம், இறுகினால் ரத்த ஓட்டமே நின்றுவிடும், தலைமுடி ஒன்று சுற்றினாலும் அப்படித்தான். காரணம் தெரியாமல் பிள்ளை அழுதால் கால்விரலைப் பாருங்கள். இப்போது எதைப் பின்னினாலும் உள்புறத்தை வெளியே திருப்பி என் சுண்டுவிரலை விட்டுத் துழாவுகிறேன், மாட்டினால் பிரித்துவிடுவேன். கழுத்தில் கயிறு, குஞ்சலம் வைப்பதில்லை. பொத்தானைப் பின்னல் நூலால் இல்லாமல் தையல் நூலால் இரட்டையாகத் தைத்து, பல்லால் இழுத்துப் பார்ப்பேன். அப்புறம் தொப்பி, வெளியே போகும்போது மட்டும். வீட்டுக்குள் தூங்க வைக்கும்போது கழற்றிவிட வேண்டும், பிள்ளை உடம்புச் சூடு தலைவழியே நிறைய வெளியேறும், மூடியே வைத்தால் சூடு ஏறிவிடும். ஆச்சி இதை இன்னும் ஒத்துக்கொள்ளவில்லை, நான் கழற்றுவதும் அவள் மாட்டுவதுமாக இருக்கிறது.

கடைசியில் என்ன பின்னினேன் என்றால், மெரினோவில் ஒன்று, பேபி அக்ரிலிக்கில் இரண்டு. பொங்கல் முடிந்து மேலே வந்த அன்று பிள்ளை போட்டிருந்தது மெரினோதான், வண்டியிலிருந்து இறக்கும்போது கழுத்துப் பக்கம் கைவிட்டுப் பார்த்தேன், சூடாக, காய்ந்து இருந்தது. ஆனால் ஒரு மாதமாகத் தினம் புழங்குவது 65 ரூபாய் நூல் சட்டைகள்தான். மெரினோ அம்மாவின் பீரோவில், ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போக. முறத்தில் காயவைக்க யாருக்கு நேரம் என்று கேட்கிறாள் மதினி. வெல்வெட் போர்வையைப் பிரித்து வெந்நீர்ப் பைக்கு உறை பின்னிவிட்டேன், ஆச்சி முழங்காலுக்கு வைத்துக்கொள்கிறாள். மதினி அடுத்த அளவுக்கு இன்னும் இரண்டு கேட்டிருக்கிறாள், "வெள்ளை வேண்டாம்மா, அடுப்படிக் கரி தெரியாத நிறமாப் பார்த்து எடு" என்று. நாளைக்குக் கைக்குட்டையோடு பஜாருக்குப் போகிறேன், கருநீலம் சாயம் போகாமல் கிடைக்கிறதா பார்க்க வேண்டும்.